சட்டம் பேசுதல்: சந்தேகத்தின் வரலாறும் சாட்சியின் இடமும்

1

'சட்டம் பேசுறது' என்று தமிழில் ஒரு வழக்கு உண்டு. சட்டத்தைப் பற்றிப் பேசுவது என்று அதற்கு நேர்ப்பொருள் கொள்ள முடியாது. தன் நிலைக்கு மீறிக் கேள்வி கேட்கிறவரை அடக்குவதற்கான சொல் அது. மேஸ்திரி சித்தாளைப் பார்த்துச் சொல்வார். மீதிச் சில்லறை கேட்கும் பயணியைப் பார்த்துக் கண்டக்டர் சொல்வார். வீட்டில் பேச்சுக்குப் பேச்சு பதில் சொல்லும் பெண்ணைப் பார்த்து எல்லாரும் சொல்வார்கள். ஆனால் இந்தச் சொல் அதன் முழு எடையோடு இறங்கும் இடம் வேறு. இரவு நேரம், சாலையோரம், இரும்புத் தடுப்புக்குப் பக்கத்தில்: "என்னடா, சட்டம் பேசுறியா?"

சட்டத்தை நடைமுறைப்படுத்தவே சம்பளம் வாங்கும் ஒருவர், எதிரே நிற்பவர் சட்டத்தைச் சொன்னார் என்பதையே ஒரு குற்றமாகச் சொல்லிக்காட்டும் இந்த வாக்கியம் எங்கிருந்து வந்தது? நூலகத்தில் உட்கார்ந்து யோசித்து நான் இந்தக் கேள்விக்கு வந்து சேரவில்லை. சில ஆண்டுகளுக்கு முன் ஒரு கூட்டம் முடிந்து நானும் நண்பர் ஒருவரும் என் வண்டியில் திரும்பிக்கொண்டிருந்தோம். மணி பத்தரை இருக்கும். நிறுத்தினார்கள். லைசென்ஸ், ஆர்.சி. புக், இன்ஷூரன்ஸ் எல்லாம் சரியாக இருந்தன. "சார் என்ன பண்றீங்க?" என்று என்னிடம் கேட்டார் உதவி ஆய்வாளர். தமிழ் எம்.ஏ. படித்ததையும் பத்திரிகைகளில் எழுதுவதையும் சொன்னேன். பிறகு பின்னால் உட்கார்ந்திருந்தவரிடம், "நீ என்னடா பண்ற?" பெயிண்ட் அடிக்கிற வேலை என்றார். "எந்த ஊரு?" சொன்னார். "ஊருல எந்தத் தெரு?" "காலனி சார்." "ஜீப்புல ஏறு."

தமிழ்நாட்டில் 'எந்தத் தெரு' என்பது முகவரி விசாரிக்கும் கேள்வி இல்லை என்பதை இந்த இதழின் வாசகர்களுக்கு விளக்க வேண்டியதில்லை.

எதற்கு என்று கேட்டேன். "விசாரணை" என்றார்கள். படித்ததையெல்லாம் நான் சொல்லத் தொடங்கினேன். காரணத்தைச் சொல்ல வேண்டும், பெயர்ப்பட்டை அணிந்திருக்க வேண்டும், வீட்டுக்குத் தகவல் தர வேண்டும், டி.கே.பாசு வழக்கில் உச்ச நீதிமன்றம்... அவர் பொறுமையாகக் கேட்டார். "சட்டம் பேசுறீங்களா சார்? நல்லாப் பேசுங்க. நீங்க கெளம்பலாம்." கிளம்பினேன். வக்கீல் தோழர் ஒருவரின் போன் நம்பரைத் தேடி வீட்டுக்குப் போனேன்.

விடிகாலையில் நண்பரை விட்டுவிட்டார்கள். வழக்கு எதுவுமில்லை. இரண்டு நாள் கழித்துப் பார்த்தபோது சொன்னார்: "தப்பா நெனச்சுக்காதீங்க தோழர். அடுத்த தடவை நீங்க பேசாதீங்க. ஒங்கூட வந்தவன் சட்டம் பேசுனான்ல, அதுக்கு இதுன்னு தனியா ரெண்டு குடுத்தாங்க."

என்னுடைய உரிமையுணர்வுக்கான விலை அவர் முதுகில் வசூலிக்கப்பட்டிருந்தது. அந்த இரண்டு அடிகளை வரலாற்றுக்குள் வைத்துப் புரிந்துகொள்ளும் முயற்சிதான் இந்தக் கட்டுரை.

2

கருத்தியல் பற்றிய விவாதங்களில் நாம் அடிக்கடி எடுத்தாளும் ஒரு காட்சி 1970இல் வெளியான அல்தூஸரின் கட்டுரையில் வருகிறது. தெருவில் போகிற ஒருவரைப் போலீஸ்காரர் கூப்பிடுகிறார். அவர் திரும்புகிறார். அந்தத் திரும்பலில் அவர் அரசுக்கு உட்பட்ட தன்னிலையாகிறார். 'விளித்தல்' பற்றி நம் சிறுபத்திரிகைகளில் நிறையவே எழுதியாயிற்று. நாம் கவனிக்கத் தவறியது ஒன்றுண்டு. பிரெஞ்சு மூலத்தில் அந்தப் போலீஸ்காரர் 'வூ' என்கிற மரியாதைப் பன்மையில்தான் கூப்பிடுகிறார். நம்முடைய 'நீங்க' அது. 'த்யூ' என்னும் ஒருமை அங்கே இல்லை. ஆங்கிலத்தில் இரண்டுக்கும் ஒரே சொல் என்பதால் ஆங்கிலம் வழியாகப் படித்த நம் கண்ணில் அது படவேயில்லை.

தமிழில் இதைத் தாண்டிப்போக வழியில்லை. ஒருவரைக் கூப்பிட வேண்டுமென்றால் 'நீ'யா 'நீங்க'ளா என்று முதலில் முடிவுசெய்தாக வேண்டும். அன்றிரவு ஒரே டார்ச் வெளிச்சத்தில், ஒரே நிமிடத்தில், இரண்டு தன்னிலைகள் உருவாக்கப்பட்டன. அரசியலமைப்பின் 22ஆவது பிரிவு 'நபர்' என்கிறது. காரணம் சொல்லப்படாமல் எந்த நபரும் காவலில் வைக்கப்படக்கூடாது, வழக்கறிஞரைக் கலந்துகொள்ளும் உரிமை மறுக்கப்படக்கூடாது, 24 மணி நேரத்துக்குள் நீதித்துறை நடுவர் முன் நிறுத்த வேண்டும். இந்த 'நபர்' சாதியில்லாதவர், தெருவில்லாதவர். சாலையோரத்தில் நிற்பவர்களோ 'சார்', 'டேய்' என்று ஏற்கனவே பிரிக்கப்பட்டவர்கள். உரிமைகள் 'நபரை' நோக்கி எழுதப்பட்டிருக்க, சந்தேகம் மட்டும் 'டேய்' என்பவரை நோக்கியே எழுதப்பட்டு வந்திருக்கிறது. இந்தப் பிரிவினைக்கு எழுத்துப்பூர்வமான வரலாறு இருக்கிறது. அதிலும் நம் மாகாணத்துக்கு முக்கியமான இடம் இருக்கிறது.

3

1854இல் பிரிட்டிஷ் நாடாளுமன்றத்தில் எழுந்த விவாதத்தைத் தொடர்ந்து சென்னை மாகாணத்தில் ஒரு விசாரணை ஆணையம் அமைக்கப்பட்டது. எலியட், ஸ்டோக்ஸ், நார்ட்டன் என்ற மூவர் அதன் உறுப்பினர்கள். 1855இல் அறிக்கை வெளியானது. நிலவரி வசூலிப்பதற்கும் குற்றத்தை ஒப்புக்கொள்ள வைப்பதற்கும் சித்திரவதை வழக்கமாகக் கையாளப்படுகிறது என்று அந்த அறிக்கை ஒப்புக்கொண்டது. கிட்டி, அண்ணந்தாள் ஆகிய தமிழ்ச் சொற்கள் லண்டன் வரைக்கும் போனது இப்படித்தான். விரல்களைக் கட்டைகளுக்கிடையே வைத்து நெரிப்பது கிட்டி. கழுத்தையும் காலையும் சேர்த்துக் கட்டிக் குனிந்தபடி வெயிலில் நிறுத்துவது அண்ணந்தாள். 1857இல் நியூயார்க் டெய்லி ட்ரிப்யூனில் கார்ல் மார்க்ஸ் இந்த அறிக்கையை எடுத்து எழுதினார். சிப்பாய்களின் கொடுமை பற்றி இங்கிலாந்து கூச்சல் போட்டுக்கொண்டிருந்த நேரம் அது.

இந்த அறிக்கையில் இரண்டு விஷயங்கள் நமக்கு முக்கியமானவை. ஒன்று, குற்றத்தை முழுக்கச் சுதேசி ஊழியர்களின் தலையில் இறக்கிவைத்துவிட்டு, ஐரோப்பிய அதிகாரிகளைக் காப்பாளர்களாக நிறுத்தும் தந்திரம். இரண்டாவது, அந்தத் தந்திரத்தையும் மீறி வெளிவந்துவிட்ட ஓர் உண்மை. சித்திரவதை இருக்கிறது என்பதைவிட, அதற்கு ஆளானவர் நியாயம் பெறுவது எவ்வளவு கடினம் என்பதே தங்களை அதிகம் வருத்தியதாக ஆணையத்தார் எழுதினார்கள். புகார் சொல்ல ஒரு குடியானவர் பல மைல் நடக்க வேண்டும். வேலை கெடும். கச்சேரியில் காத்துக் கிடக்க வேண்டும். திரும்பி வந்தால் அதே ஊழியரின் கீழ்தான் பிழைக்க வேண்டும். உரிமை அப்போதும் இருந்தது. அது தொலைவில் இருந்தது.

தாசில்தாரிடமே வரிவசூலும் போலீஸ் அதிகாரமும் சேர்ந்திருந்ததுதான் கேட்டின் வேர் என்று முடிவு செய்யப்பட்டு, 1859இல் சென்னை மாகாணத்துக்குத் தனியான போலீஸ் சட்டம் வந்தது. இந்தியா முழுமைக்குமான 1861ஆம் ஆண்டுச் சட்டத்துக்கு அது முன்மாதிரி. அதே 1861இன் குற்றவியல் நடைமுறைச் சட்டத்தில் இன்னொன்றும் நுழைந்தது. போலீஸ் அதிகாரியிடம் கொடுத்த ஒப்புதல் வாக்குமூலத்தை நீதிமன்றத்தில் சாட்சியமாகக் கொள்ளக்கூடாது என்பது அது. பிறகு 1872இன் சாட்சியச் சட்டத்தில் 25ஆவது பிரிவாகி, இன்று 2023இன் புதிய சாட்சியச் சட்டத்தில் 23ஆவது பிரிவாக இருக்கிறது.

அரசு தான் உருவாக்கிய போலீஸின் சொல்லைத் தானே நம்ப மறுத்து எழுதிவைத்த பிரிவு இது. 160 ஆண்டுகளுக்கும் மேலாக அதை எடுக்க முடியவில்லை. நீதிமன்றத்துக்குள் நம்பப்படாத அந்தச் சொல் தெருவில் மட்டும் எப்படிச் சட்டமாகவே இருக்கிறது?

4

இதற்கு விடை 'சந்தேகம்' என்ற சொல்லின் வரலாற்றில் இருக்கிறது. 1898ஆம் ஆண்டு நடைமுறைச் சட்டத்தின் 109ஆவது பிரிவு, கண்ணுக்குத் தெரிகிற பிழைப்பு வழி இல்லாதவரையும், தன்னைப் பற்றித் திருப்தியான விளக்கம் தர முடியாதவரையும் நடுவர் முன் நிறுத்தி நன்னடத்தைப் பிணை கேட்க வழிசெய்தது. என்ன செய்தான் என்பது அங்கே கேள்வி இல்லை. யார் இவன், எந்த ஊர், என்ன பிழைப்பு என்பவைதான் கேள்விகள். திருப்தி யாருடையது என்பதைச் சொல்ல வேண்டியதில்லை. 1973ஆம் ஆண்டுச் சட்டத்தில் அந்த வாசகம் போய்விட்டது. குற்றம் செய்யும் நோக்கத்தோடு ஒளிந்திருப்பவர் என்பது மட்டும் மிஞ்சியது. ஆனாலும் 'சந்தேகக் கேஸ்' என்ற பேச்சு போகவில்லை. என் நண்பரிடம் கேட்கப்பட்ட மூன்று கேள்விகளும் வரிசை மாறாமல் 1898இன் கேள்விகள்.

தனிமனிதர் மீதான சந்தேகம் இது என்றால், பிறப்பின் மீதான சந்தேகம் குற்றப் பரம்பரைச் சட்டம். 1871இல் வடக்கில் தொடங்கி 1911இல் சென்னை மாகாணத்துக்கும் விரிந்தது. குறவர், பிரமலைக் கள்ளர், ஆப்பநாட்டு மறவர் எனப் பல சமூகங்கள் பதிவேட்டுக்குள் வந்தன. ஆண்கள் ரேகை வைக்க வேண்டும். இரவில் காவல் நிலையத்திலோ சாவடியிலோ போய்ப் படுக்க வேண்டும். வெளியூர் போக ராதாரிச் சீட்டு வாங்க வேண்டும். மக்கள் இதை 'ரேகைச் சட்டம்' என்றார்கள். சட்டம் தங்களிடம் என்ன கேட்கிறது என்பதை இதைவிடத் துல்லியமாகச் சொல்ல முடியாது. அது அவர்களின் சொல்லைக் கேட்கவில்லை, விரலைக் கேட்டது.

1920 ஏப்ரல் 3ஆம் நாள் மதுரைப் பக்கம் பெருங்காமநல்லூரில் ரேகை வைக்க மாட்டோம் என்று மக்கள் திரண்டபோது துப்பாக்கிச் சூடு நடந்தது. 16 பேர் செத்துப்போனார்கள். அதில் ஒருவர் பெண். கைதிகளின் ரேகையையும் படத்தையும் எடுப்பதற்கான இந்திய அளவிலான சட்டமும் அதே 1920இல்தான் வந்தது. நூறாண்டுக்குப் பின் 2022இல் அதன் இடத்தில் வந்த சட்டம், விரல் ரேகையோடு கருவிழிப் பதிவையும் உடல் மாதிரிகளையும் எடுக்க வழிசெய்து, அந்தப் பதிவுகளை 75 ஆண்டுகள் வைத்திருக்கச் சொல்கிறது. விரலில் தொடங்கிய கேள்வி கண்ணுக்குள் போயிருக்கிறது.

சென்னை மாகாணத்தில் 1947இல் குற்றப் பரம்பரைச் சட்டம் நீக்கப்பட்டது. அடுத்த ஆண்டே, 1948இல், வழக்கமான குற்றவாளிகளைக் கட்டுப்படுத்தும் சட்டம் வந்தது. பரம்பரையிலிருந்து தனியாளுக்குச் சந்தேகம் இடம் மாறியது. பதிவேடு இருந்த இடத்திலேயே இருந்தது. நோன் டெப்ரடேட்டர் என்று போலீஸ் பதிவேட்டில் குறித்துவைத்த இரண்டு எழுத்துக்கள்தான் நாம் பிள்ளைகளைக்கூடத் திட்டும் 'கேடி' என்ற சொல். உத்தரப் பிரதேசத்தில் 1941இல் சாட்சியம் இல்லை என்று விடுவிக்கப்பட்ட கரக் சிங் என்பவருக்கு ஹிஸ்டரி ஷீட் திறந்து இரவில் கதவைத் தட்டிக்கொண்டேயிருந்தார்கள். 1962 டிசம்பரில் உச்ச நீதிமன்றம் இரவுத் தட்டலை மட்டும் ரத்து செய்துவிட்டு ஷீட்டை விட்டுவைத்தது.

கசப்பான ஒன்றையும் இங்கே சொல்லியாக வேண்டும். ரேகைச் சட்டத்துக்கு ஆளான எல்லாச் சமூகங்களும் இன்று சாலையோரத்தின் ஒரே பக்கத்தில் நிற்கவில்லை. சில இடங்களில் அந்த நினைவு சாதிப் பெருமையாக மட்டும் சுருங்கிவிட்டது. தம் பாட்டனிடம் கேட்கப்பட்ட கேள்வியையே பேரன் சீருடையில் நின்று இன்னொருவரிடம் கேட்கலாம். நகையோ ஆடோ காணாமல் போனால் இன்றைக்கும் முதலில் தேடிப்போகிற குடிசை குறவருடையதாகவும் இருளருடையதாகவும் இருப்பது நமக்குத் தெரிந்ததுதான். பெருங்காமநல்லூரை இவர்களோடு சேர்த்து நினைவுகூராத வரையில் அந்தச் சாவுகளுக்கு நாம் நியாயம் செய்தவர்கள் ஆக மாட்டோம்.

5

இனி உரிமைகளின் பக்கம். அவை யார் கேட்டு வந்தவை?

அரசியலமைப்பு அவையில் வாழ்வுரிமைப் பிரிவிலிருந்து முறையான சட்ட நெறி என்ற பாதுகாப்பு எடுக்கப்பட்டபோது பலருக்கும் அதிருப்தி. அந்த இழப்புக்கு ஈடாகவே, கைதானவருக்கான உரிமைகளைக் கொண்ட புதிய பிரிவை 1949 செப்டம்பரில் அம்பேத்கர் கொண்டுவந்தார். இவை நடைமுறைச் சட்டத்தில் ஏற்கனவே இருப்பவைதான், ஆனால் அரசியலமைப்பில் ஏற்றிவிட்டால் எந்தச் சட்டமன்றமும் இவற்றைப் பறிக்க முடியாது என்பது அவருடைய வாதம். அதுதான் 22ஆவது பிரிவு. அதே பிரிவின் பின்பாதி தடுப்புக் காவலுக்கு இடம் கொடுத்தது. ஒரு கை கொடுத்ததை மறுகை பிடித்துக்கொண்டதுபோல.

1978இல் நந்தினி சத்பதி வழக்கில், தனக்கெதிராகத் தானே பேசக் கட்டாயப்படுத்தப்படாத உரிமை நீதிமன்றத்தில் மட்டுமல்ல, போலீஸ் விசாரணையிலேயே தொடங்கிவிடுகிறது என்றார் நீதிபதி கிருஷ்ணய்யர். மௌனமாக இருக்கும் உரிமையைப் பெற்றுத் தந்த மனுதாரர் ஒரிசாவின் முன்னாள் முதலமைச்சர். 1994இல் ஜோகிந்தர் குமார் வழக்கில், கைது செய்யும் அதிகாரம் இருப்பது வேறு, கைது செய்வதற்கான நியாயம் இருப்பது வேறு என்று தீர்ப்பு வந்தது. மனுதாரர் 28 வயது வழக்கறிஞர். சட்டம் பேசுகிறவரின் குரல் கேட்கப்பட வேண்டுமானால், அவர் முதலமைச்சராகவோ வழக்கறிஞராகவோ இருந்திருக்க வேண்டும்போலும்.

மூன்றாவது வழக்கு வேறு மாதிரி. மேற்கு வங்கத்தில் சட்ட உதவி அமைப்பொன்றின் செயல் தலைவராக இருந்த டி.கே.பாசு, லாக்கப் சாவுகள் பற்றிப் பத்திரிகையில் வந்த செய்திகளைப் படித்துவிட்டு 1986 ஆகஸ்டில் தலைமை நீதிபதிக்கு ஒரு கடிதம் எழுதினார். அது மனுவாக ஏற்கப்பட்டு, பத்தாண்டுகள் கழித்து, 1996 டிசம்பர் 18ஆம் நாள் 11 கட்டளைகள் கிடைத்தன. கைது செய்பவர் பெயர் தெரியும்படி பட்டை அணிய வேண்டும். கைதுக் குறிப்பாணை எழுத வேண்டும். அதில் நேரமும் நாளும் இருக்க வேண்டும். குடும்பத்தாரோ அப்பகுதியின் மரியாதைக்குரிய ஒருவரோ சாட்சிக் கையெழுத்துப் போட வேண்டும். உறவினருக்கோ நண்பருக்கோ தகவல் போக வேண்டும். மருத்துவப் பரிசோதனை வேண்டும். இவற்றை ஒவ்வொரு நிலையத்திலும் கண்ணில் படும்படி எழுதி வைக்க வேண்டும். இதன் சாரம் 2010 நவம்பரில் நடைமுறைக்கு வந்த திருத்தங்களால் சட்டத்துக்குள்ளேயே ஏறியது. 2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் உள்ள புதிய நடைமுறைச் சட்டத்தில் 36ஆவது பிரிவாக இருக்கிறது.

பாசு அடிபட்டவர் இல்லை. மூன்றாம் மனிதர். அந்த 11 கட்டளைகளைத் திரும்பப் படியுங்கள். அடிபடுகிறவர் பேச வேண்டும் என்று அவை அவரை நம்பி இருக்கவில்லை. சாட்சி, உறவினர், நண்பர், மருத்துவர், வழக்கறிஞர் என்று இன்னொருவரை அந்த அறைக்குள் கொண்டுவருவதுதான் அவற்றின் வேலை. நமக்கு மட்டும் அது 'உன் உரிமையை நீ கேள்' என்று பாடமானது எப்படி?

6

மூன்றாம் மனிதர் வந்துவிட்டால் எல்லாம் சரியாகிவிடும் என்று நான் சொல்லவில்லை. 2020 ஜூன் 19 மாலை சாத்தான்குளத்தில், ஊரடங்கு நேரம் கடந்து கடை திறந்திருந்ததாகச் சொல்லி ஒரு தந்தையைக் கூட்டிப்போனார்கள். கேள்விப்பட்ட மகன் பின்னாலேயே நிலையத்துக்குப் போனார். அன்றிரவு வெளியே நண்பர்கள் காத்து நின்றார்கள். உள்ளே அடி நிற்கவில்லை. ஜூன் 22இலும் 23இலும் மகனும் தந்தையும் அடுத்தடுத்து இறந்தார்கள்.

அதற்குப் பிறகு நடந்ததைக் கவனியுங்கள். உயர் நீதிமன்ற மதுரைக் கிளையின் ஆணைப்படி விசாரிக்கப்போன நீதித்துறை நடுவரை, ஒரு காவலர் 'டா' போட்டு இழிவாகப் பேசியதாக அந்த நடுவரே அறிக்கை அனுப்பினார். நீதிபதியே வாசல்படி தாண்டியதும் 'டேய்' ஆகிவிடுகிற இடம் அது. கண்காணிப்புக் கேமராவில் போதிய இடம் இருந்தும் பதிவுகள் தினமும் தானாக அழியும்படி வைக்கப்பட்டிருந்தது. பிறகு ஜூன் 29இல் நீதிமன்றம் ஓர் அசாதாரணமான உத்தரவு போட்டது. தடயங்களைக் காப்பாற்ற அந்த நிலையத்தை வருவாய்த் துறையினர் தங்கள் பொறுப்பில் எடுத்துக்கொள்ள வேண்டும் என்றது.

வருவாய்த் துறையிடமிருந்து மக்களைக் காப்பாற்றத்தான் 1859இல் போலீஸ் தனியாகப் பிரிக்கப்பட்டது. 161 ஆண்டுகள் கழித்து, போலீஸிடமிருந்து ஒரு போலீஸ் நிலையத்தைக் காப்பாற்ற வருவாய்த் துறையைக் கூப்பிட வேண்டிவந்தது. அதிகாரத்தை ஒரு பெட்டியிலிருந்து இன்னொரு பெட்டிக்கு மாற்றுவதுதான் சீர்திருத்தம் என்று நினைத்ததன் மொத்த வரலாறும் இந்த வட்டத்துக்குள் இருக்கிறது.

அந்த வழக்கு காற்றில் கரைந்துபோகாமல் நின்றது எதனால்? உள்ளே பணியில் இருந்த பெண் தலைமைக் காவலர் ஒருவர் தான் பார்த்ததை நடுவரிடம் சொன்னார். வெளியே நின்றவர்கள் தாங்கள் பார்த்ததைச் சொன்னார்கள். சாட்சி அடியை நிறுத்தவில்லை. நடக்கவேயில்லை என்று சொல்ல முடியாதபடி செய்தது. இது மிகக் குறைவு. முன்பு இதுகூட இல்லை.

7

இன்றைய நிலவரத்தைச் சுருக்கமாகச் சொல்கிறேன். வாகனம் ஓட்டுகிறவரிடம் சீருடையிலுள்ள காவலர் லைசென்ஸ் கேட்டால் காட்ட வேண்டும். நடந்துபோகிறவர் சட்டைப்பையில் அடையாள அட்டை வைத்திருந்தே தீர வேண்டுமென்று பொதுவான சட்டம் இல்லை. 'விசாரணைக்குத்தான், கைது இல்ல' என்பது பழைய தந்திரம். கைது என்று எழுதாவிட்டால் குறிப்பாணை வேண்டாம், 24 மணிக் கணக்கு வேண்டாம் என்று நினைக்கிறார்கள். டி.கே.பாசு தீர்ப்பின் கட்டளைகளோ கைதுக்கு மட்டுமின்றிப் பிடித்துவைத்தலுக்கும் சேர்த்துச் சொல்லப்பட்டவை. விசாரணைக்கு வரச்சொல்வதென்றால் எழுத்தில் அறிவிப்பு வேண்டும். சாட்சியாக விசாரிக்கப் பெண்களையும், 15 வயதுக்குக் கீழும் 60 வயதுக்கு மேலும் உள்ளவர்களையும் அவர்கள் வீட்டைத் தவிர வேறெங்கும் வரச்சொல்லி வற்புறுத்தக்கூடாது. கைதுக்கான காரணத்தை எழுத்தில், கைதானவருக்குப் புரிகிற மொழியில் தர வேண்டுமென்று 2025 நவம்பரில் உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது.

இவ்வளவுக்கும் பக்கத்திலேயே புதிய நடைமுறைச் சட்டத்தின் 172ஆவது பிரிவு உட்கார்ந்திருக்கிறது. குற்றத் தடுப்புக்காகப் போலீஸ் தரும் சட்டபூர்வமான உத்தரவுக்கு எல்லாரும் கட்டுப்பட வேண்டும். எதிர்க்கிற, மறுக்கிற, கண்டுகொள்ளாமல் போகிற எவரையும் பிடித்துவைக்கலாம். சிறிய விஷயமென்றால் 24 மணிக்குள் விட்டுவிடலாம். 'எதுக்கு?' என்று கேட்பது மறுப்பதில் சேருமா, சேராதா? சாலையோரத்தில் இதற்கு யார் பொருள் சொல்வார்கள்? 'சட்டம் பேசுறியா' என்ற வசவுக்கு இப்போது ஒரு பிரிவு எண் கிடைத்துவிடக்கூடும் என்பதுதான் என் அச்சம்.

நாம் அச்சடிக்கும் துண்டுப் பிரசுரங்களுக்கு வருகிறேன். 'போலீஸ் நிறுத்தினால் உங்கள் உரிமைகள்' என்று நானே இரண்டு எழுதியிருக்கிறேன். இரண்டுமே தனியாக நிற்கும் ஒருவரிடம் பேசுகின்றன. தைரியமாகக் கேளுங்கள் என்கின்றன. கேட்டால் யாருக்கு என்ன ஆகும் என்பதைச் சொல்வதில்லை. தெரிந்துகொள்ளக்கூடாது என்று நான் வாதிடவில்லை. தெரிந்திருப்பது அவசியம். அதைச் சொல்லும் பொறுப்பை, சொன்னால் முதலில் அடிவாங்கப்போகிறவர் தலையிலேயே ஏற்றிவிட்டு விடுதலைப் பணி செய்த திருப்தியோடு நாம் வீட்டுக்குப் போய்விடுவதைத்தான் கேள்விக்குள்ளாக்குகிறேன்.

எங்களுக்கு முந்தைய தலைமுறைத் தோழர்கள் வேறு மாதிரி செய்தார்கள். யாரையாவது பிடித்துப்போனால் முதலில் ஓடியது தந்தி ஆபீசுக்கு. நடுவருக்கு, உயர் நீதிமன்றத்துக்கு, மேலதிகாரிக்குத் தந்தி. தந்தியில் விழும் நேரமுத்திரை, நிலைய ஏட்டில் பிறகு எழுதப்படும் கைது நேரத்தைப் பொய்யாக்கும். ஏழைகளின் ஆட்கொணர்வு மனு அது. 2013 ஜூலையில் தந்திச் சேவை நின்றுபோனது. இன்று எல்லார் கையிலும் நேரத்தைக் குறிக்கிற கருவி இருக்கிறது. அதை வைத்துக்கொண்டு ஒன்றாகப் போய் நிற்கும் பழக்கத்தைத்தான் காணவில்லை.

நண்பரிடம் கேட்டேன், அன்னிக்கு நான் என்ன செஞ்சிருக்கணும் என்று. "ஒண்ணும் செய்ய வேணாம் தோழர். வீட்டுக்குப் போகாம ஸ்டேஷன் வாசல்ல வந்து நின்னிருந்தாப் போதும். ஒங்களப் பாத்துக்கிட்டே உள்ள அடிக்கிறதுக்குக் கொஞ்சம் யோசிச்சிருப்பாங்க." பிறகு சிரித்தபடி சொன்னார், அவரை உட்காரவைத்த பெஞ்சுக்கு மேலேதான் அந்த 11 கட்டளைகளின் பலகை இருந்ததாம். ராத்திரி முழுக்கப் படித்தாராம்.

36ஆவது பிரிவு சாட்சியாகக் கேட்கும் 'அப்பகுதியின் மரியாதைக்குரிய ஒருவர்' என்ற சொற்களை அதன்பிறகு வேறு மாதிரி படித்தேன். எனக்குக் கிடைத்த அந்த 'சார்', நான் சம்பாதித்ததில்லை. என் தெரு எனக்குத் தந்தது. அதை ஒழிக்க வேண்டும் என்பதில் சந்தேகமில்லை. ஒழியும்வரை அதற்கு ஒரே ஓர் உபயோகம்தான் இருக்கிறது. அதை ஒரு கையெழுத்தாக, வாசலில் நிற்கும் ஓர் உடலாக மாற்றுவது. நான் அதைப் பிரசங்கமாகச் செலவழித்தேன்.

போன மழைக்காலத்தில் ஒரு ராத்திரி நண்பர் போன் செய்தார். அவருடன் வேலைக்குப் போகும் பையன் ஒருவனைக் கூட்டிப்போயிருக்கிறார்கள். ஆறு பேர் போனோம். இரண்டு பேர் பெண்கள். ஒருவர் ரிட்டயர்டு வாத்தியார். யாரும் சட்டம் பேசவில்லை. நிலையத்துக்கு எதிரே, மூடியிருந்த டீக்கடை வாசலில் நின்றோம். போய்ச் சேர்ந்த நேரத்தை வாத்தியார் ஒரு நோட்டில் எழுதி ஆறு பேரிடமும் கையெழுத்து வாங்கினார். காவலர் ஒருவர் வெளியே வந்து, என்ன வேணும் என்று கேட்டார். ஒண்ணுமில்ல, பையனுக்காக நிக்கிறோம் என்றோம். உள்ளே போய்விட்டார். மணி ஒன்றேகாலுக்குப் பையன் வந்தான். அடிச்சாங்களா என்று கேட்டார் நண்பர். "மொதல்ல ரெண்டு. நீங்க வந்ததுக்கப்புறம் இல்ல" என்றான். வாத்தியார் அதையும் எழுதி, நேரத்தைக் குறித்து, நோட்டை என்னிடம் நீட்டினார்.